ஃபிக்ஸ் என்று திரை சொல்லும்போது

ஆர்டிகே ரோவரை, அதாவது ‘பேஸ்’ என்ற நிலையம் அனுப்பும் திருத்தத்தை வாங்கிச் சென்டிமீட்டர் அளவில் இடம் சொல்லும் சாட்டிலைட் ரிசீவரை, கம்பத்தில் மாட்டி, புள்ளியின் மேல் நிறுத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து காத்திருந்தால், சிறிது நேரத்தில் திரையில் ‘ஃப்ளோட்’ போய் ‘ஃபிக்ஸ்’ வரும். பக்கத்தில் 0.012 என்று ஓர் எண் நிற்கும். 12 மில்லிமீட்டர். பெரும்பாலானோர் அந்த நொடியிலேயே புள்ளியைப் பதிந்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த 12 மில்லிமீட்டர்தான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. அதை யார் அளந்தது? புள்ளி உண்மையில் எங்கே இருக்கிறது என்று ரிசீவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அளக்கவே வேண்டியதில்லை. தன் கணக்கும் தன் அனுமானங்களும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டிப்போகின்றன என்பதை வைத்து அது அந்த எண்ணை எடுக்கிறது. அனுமானமே பிசகியிருந்தாலும் எண் 0.012 என்றே நிற்கும்.

துல்லியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகளைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பது ஒன்று. எவ்வளவு தள்ளிக் காட்டக்கூடும் என்பதைக் கருவி சரியாகச் சொல்கிறதா என்பது இன்னொன்று. விவரத்தாளில் ‘2.5 மீட்டர் சிஇபி’ என்று போட்டிருந்தால், பாதி நேரம் அந்த வட்டத்துக்குள் இருக்கும் என்றுதான் பொருள். மீதிப் பாதி நேரம் வெளியே. பிழைகள் எல்லாத் திசையிலும் சீராகப் பரவியிருந்தால் 95 சதவீதத்துக்கான வட்டம் 5.2 மீட்டர் ஆகிவிடும். அதுவும் திறந்த வானத்தின் கீழ், நல்ல ஆண்டெனாவோடு. முதல் கேள்விக்குக் கடந்த கால் நூற்றாண்டில் மிகப் பெரிய உழைப்பு போயிருக்கிறது. இரண்டாவது கேள்வியை விமானத்துறைக்கு வெளியே அதிகம் பேர் கேட்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

ஒரு நானோநொடிக்கு 30 சென்டிமீட்டர்

சாட்டிலைட் வழிகாட்டல் முழுக்கவும் கடிகார வேலை. 1 நானோநொடி பிசகினால் தூரத்தில் 30 செ.மீ. போய்விடும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா சிவில் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நிறுத்தியது. அதன்பின் சாட்டிலைட் கடிகாரமும் சுற்றுப்பாதைத் தகவலும் மெல்ல மெல்லச் சீர்ப்பட்டு, இன்று இரண்டும் சேர்ந்து தரும் பிழை பெரும்பாலும் 1 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் தொல்லை வழியில் இருக்கிறது, பிறகு ஆண்டெனாவைச் சுற்றி இருக்கிறது.

வழியில் பெரிய ஆள் அயனி மண்டலம். சிக்னலின் பாதையில் எவ்வளவு எலக்ட்ரான் குறுக்கிடுகிறதோ அவ்வளவு தாமதம். இதை டெக் அலகில் அளக்கிறார்கள். சாட்டிலைட்டுகள் ஒலிபரப்பும் அலைவரிசைகளில் ஒன்றான எல்1இல் 1 டெக் அலகுக்கு 16 செ.மீ. காந்த நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய 15 பாகையில் எலக்ட்ரான்கள் வந்து குவிகின்றன. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அங்கே பிற்பகலில் 100 டெக் அலகைத் தாண்டுவது உண்டு. தலைக்கு நேர் மேலே இருக்கும் சாட்டிலைட்டுக்கே 16 மீட்டர். அடிவானத்தை ஒட்டி இருப்பதற்கு ஏறக்குறைய மும்மடங்கு. ஒற்றை அலைவரிசை ரிசீவர் இதைச் சமாளிக்க ஜிபிஎஸ் ஒலிபரப்பும் குளோபுச்சார் மாதிரியை நம்புகிறது: 8 குணகங்கள், இரவு முழுவதும் மாறாத 5 நானோநொடி, உள்ளூர் நேரம் 14 மணிக்கு உச்சி எடுக்கும் அரைக் கொசைன் வளைவு. பூமி முழுவதற்கும் 8 எண்களை வைத்துக்கொண்டு பிழையில் ஏறக்குறைய பாதியைக் கழிக்கிறது என்பதே பெரிய விஷயம். மீதிப் பாதி நம் கணக்கில் வந்து சேரும்.

தாமதம் அலைவரிசையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், இரண்டு அலைவரிசைகளை வாங்கி ஒப்பிட்டால் அயனி மண்டலப் பிழையை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கிவிடலாம். இரட்டை அலைவரிசை என்றதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் விலையையும் பார்க்க வேண்டும். எல்1, எல்2 இரண்டையும் இப்படிச் சேர்க்கும்போது அளவீட்டின் இரைச்சல் ஏறக்குறைய 3 மடங்காகிறது, சுவரிலும் தரையிலும் பட்டு வரும் சிக்னல் தரும் எதிரொலிப் பிழையும் கூடவே பெருகுகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, அயனி மண்டலத்தைவிட எதிரொலி பெரிதாக இருக்கும் இடத்தில், இந்தச் சேர்க்கை நிலைமையை மோசமாக்கவும் செய்யும். நகரத்தில் எல்5 என்ற இன்னோர் அலைவரிசை கொண்டுவரும் உண்மையான நன்மை வேறு. தூரத்தை அளக்கச் சிக்னலில் ஏற்றி அனுப்பும் துடிப்பு வரிசைதான் குறியீடு; அதில் ஒரு துடிப்பு ஒரு சிப். எல்1 சிவில் குறியீட்டில் ஒரு சிப்பின் நீளம் 293 மீட்டர், எல்5இல் 29.3 மீட்டர். சிப் குறுகக் குறுக, நேராக வந்த சிக்னலையும் சுவரில் பட்டுத் தாமதமாக வந்ததையும் ரிசீவரால் பிரித்தறிய முடிகிறது.

இரட்டை அலைவரிசையும் காப்பாற்றாத ஒன்று உண்டு: சூரியன் மறைந்தபின் காந்த நிலநடுக்கோட்டுப் பகுதியில் எழும் அயனிக் குமிழிகள். சிக்னல் நட்சத்திரம்போல மினுக்குகிறது, ரிசீவர் பிடியை இழக்கிறது. பிடியே போனபின் கழிக்க எதுவும் இல்லை. அந்தப் பகுதிகளில் சென்டிமீட்டர் வேலையை மாலை 7 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் மலிவான தீர்வு. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த சூரியப் புயலில் வட அமெரிக்காவிலேயே விதைப்புப் பருவத்தில் ஆர்டிகே டிராக்டர்கள் வரிசை தவறி நிற்க நேர்ந்தது. ஆக, இது வெப்பமண்டலத்துக்கு மட்டும் உரிய தொல்லையும் இல்லை.

கீழ்வளிமண்டலம் தலைக்கு மேலே 2.3 மீட்டர் அளவு தாமதம் தருகிறது. அலைவரிசை எதுவானாலும் ஒரே தாமதம் என்பதால் ஒப்பிட்டுக் கழிக்க வழியில்லை. நல்லவேளையாக அதில் பெரும்பகுதி காற்றழுத்தத்தைப் பொறுத்தது, மாதிரிக்கு நன்றாகப் படியும். ஈரப்பதத்தால் வரும் சில பத்துச் சென்டிமீட்டர்தான் பிடிபடாமல் நழுவும்; அது உயரக் கணக்கில் பிழையாகப் போய் உட்காரும்.

முழு எண் ஒன்றைத் தேடி

இனி அந்த ‘ஃபிக்ஸ்’. குறியீட்டை விட்டுவிட்டு அதைச் சுமந்துவரும் கேரியர் அலையையே அளந்தால், எல்1இல் அலைநீளம் 19 செ.மீ.; அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 2 மில்லிமீட்டர் அளவுக்கு அதன் கட்டத்தை (அலையின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை) படிக்கலாம். ஒரே சிக்கல், ஓர் அலை இன்னோர் அலையைப் போலவே இருக்கிறது. கடைசி அலையின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது தெரியும். இடையில் எத்தனை முழு அலைகள் என்பது தெரியாது. பேஸ் நிலையத்தின் அளவீடுகளைக் கழித்தால் பேஸுக்கும் ரோவருக்கும் பொதுவான கடிகார, வளிமண்டலப் பிழைகள் பெரும்பாலும் நீங்கிவிடும். மிஞ்சுவது ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் ஒரு தெரியாத முழு எண். அந்த எண்களைப் பின்னமாகவே வைத்திருந்தால் ஃப்ளோட். முழு எண்ணாக முடிவுகட்டினால் ஃபிக்ஸ்.

முடிவுகட்டும் இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் டொயினிசன் என்ற ஆய்வாளர் 1990களில் உருவாக்கிய லாம்டா முறையில், ரிசீவர் பல முழு எண் கூட்டங்களை வரிசைப்படுத்துகிறது. தரவோடு மிகவும் ஒட்டுவது முதலிடம், அடுத்தது இரண்டாமிடம். இரண்டாவதின் எச்சப்பிழை முதலாவதைவிட எத்தனை மடங்கு என்று பார்க்கிறது. ஆர்டிகேலிப் மென்பொருளில் இயல்பான வரம்பு 3. அதைத் தாண்டினால் முதலிடத்தில் இருப்பதையே உண்மை என்று ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சோதனை முதலாமவர் இரண்டாமவரைவிட நன்றாக ஒட்டுகிறார் என்று மட்டும்தான் சொல்கிறது. முதலாமவர் சரியானவர் என்று சொல்வதில்லை. மரக்கிளைக்கடியில் 6 சாட்டிலைட்டுகள் மட்டும் தெரிய, அவற்றில் இரண்டு தகரச் சுவரில் பட்டு வந்துகொண்டிருந்தால், தவறான கூட்டம் ஒன்று 3 மடங்கு வித்தியாசத்தில் ஜெயிப்பது அபூர்வமில்லை.

ஃப்ளோட்டில் இருக்கும்வரை ரிசீவர் தன் சந்தேகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறது: 0.40, 0.31, 0.25. ஃபிக்ஸ் ஆன நொடியில் அந்த முழு எண்கள் பிழையே இல்லாத மாறிலிகளாகக் கணக்குக்குள் போகின்றன. சந்தேகம் குறைவதில்லை, கணக்கிலிருந்தே எடுத்துவிடப்படுகிறது. எஞ்சும் 0.012 கட்டத்தைப் படிப்பதில் வரும் சிறு இரைச்சலின் கணக்கு மட்டுமே. எண்கள் தவறாக இருந்தால் இடம் கிடையாக 20 செ.மீ., உயரத்தில் அதைவிட அதிகம் விலகியிருக்கலாம். திரையில் அதே பச்சை, அதே 0.012. எனக்கு இந்தத் துறையில் மிகவும் கவலை தருவது இதுதான். 5 மீட்டர் தள்ளிக் காட்டும் கைப்பேசி யாரையும் ஏமாற்றுவதில்லை, அதன் நீல வட்டமே பெரிதாக இருக்கும். 25 செ.மீ. தள்ளி நின்றுகொண்டு 1 செ.மீ. என்று சொல்லும் கருவியை நம்பித்தான் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

ஆர்டிகேலிப்பில் ‘ஃபிக்ஸ் அண்ட் ஹோல்டு’ என்ற தேர்வு இருக்கிறது. ஒருமுறை கிடைத்த முழு எண்களை வலுவாகப் பிடித்துக்கொள்ளும். திரையில் ஃபிக்ஸ் சதவீதம் அழகாக ஏறும். தவறான எண்ணைப் பிடித்தாலும் அதே வலுவோடு பிடித்துக்கொள்ளும். சதவீதத்தைப் பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இங்கே அதிகச் சாட்டிலைட்டுகள் உண்மையிலேயே கைகொடுக்கின்றன. ஜிபிஎஸ், ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று 25 சாட்டிலைட்டுகள் கிடைத்தால் தவறான கூட்டம் எல்லாவற்றோடும் ஒட்டிப்போவது கடினம். இரண்டு அலைவரிசைகளின் வித்தியாசத்தை எடுத்தால் எல்1, எல்2 சேர்ந்து 86 செ.மீ. அலைநீளமுள்ள அகன்ற அலை கிடைக்கும், 19 செ.மீ. ஏணியில் படி எண்ணுவதைவிட 86 செ.மீ. ஏணியில் எண்ணுவது எளிது. ஒற்றை அலைவரிசை ஆர்டிகே பல நிமிடங்கள் எடுப்பதும், இரட்டை அலைவரிசை சில நொடிகளில் முடிப்பதும் இதனால்தான்.

களத்தில் பிடிபடும் தவறுகள்

தவறான ஃபிக்ஸைப் பிடிக்க நில அளவையாளர்கள் வைத்திருக்கும் பழைய உத்தி இன்றும் செல்லும். புள்ளியை அளந்தபின் ஆண்டெனாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, எல்லாச் சாட்டிலைட்டுகளின் பிடியையும் விடச்செய்து, மறுபடி நிமிர்த்திப் புதிதாக ஃபிக்ஸ் வாங்கி இன்னொரு முறை அளப்பது. இரண்டும் 2, 3 செ.மீ.க்குள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் நம்பக்கூடாது. அதே ஃபிக்ஸில் 3 நிமிடம் நின்று 180 அளவீடுகளைச் சராசரி எடுப்பது உதவாது. தவறான எண்ணின் சராசரியும் தவறான எண்தான். எதிரொலிப் பிழை மெதுவாக, நிமிடக்கணக்கில் அலைவது. அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து வானத்தின் அமைப்பு மாறியபின் திரும்பி வந்து அளக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. ‘நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து சரிபார்க்கலாம்’ என்பார்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை தரையிலிருந்து பார்க்க அதே இடத்துக்கு வந்துவிடுகின்றன. மறுநாள் அதே நேரத்தில் அதே சாட்டிலைட் அதே சுவரில் பட்டு அதே பிழையைத் தரும். இரண்டு நாள் அளவீடும் அச்சாக ஒத்துப்போகும், இரண்டும் தவறாக இருக்கும். மறுநாள் போவதென்றால் நேரத்தை மாற்றிப் போக வேண்டும். க்ளோனாஸ் 8 நாளுக்கு ஒருமுறை, கலிலியோ 10 நாளுக்கு ஒருமுறைதான் அதே அமைப்புக்குத் திரும்புவதால் அவற்றைச் சேர்த்துக்கொள்வது இந்த விஷயத்திலும் நல்லது.

ஆண்டெனாவைப் பொறுத்தவரை, சிறிய பேட்ச் ஆண்டெனாவின் அடியில் 10 முதல் 15 செ.மீ. அளவுள்ள உலோகத் தட்டு இல்லாவிட்டால், கீழிருந்து வரும் எதிரொலி தடையில்லாமல் உள்ளே போகும். அடிவானத்திலிருந்து 15 பாகைக்குக் கீழே உள்ள சாட்டிலைட்டுகளை ஒதுக்குங்கள். சிக்னல் வலிமை 35 டெசிபெல் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றையும் ஆர்டிகே கணக்கில் சேர்க்காமல் இருப்பது நலம். ட்ரோனில் எல்லாச் சாட்டிலைட்டுகளின் வலிமையும் ஒருசேர விழுந்தால் வானத்தைச் சந்தேகிக்கும் முன் ஆண்டெனாவை ஒட்டி ஓடும் யுஎஸ்பி 3 கேபிளையும் கேமராவின் எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அவை கசியும் ரேடியோ இரைச்சல் நேராக இந்த அலைவரிசைகளில் விழும்.

பேஸை எங்கே வைத்தோம் என்பது தனிக்கதை. ‘சர்வே இன்’ என்று விட்டு 5 நிமிடச் சராசரியில் பேஸ் தன் இடத்தைத் தானே தீர்மானித்துக்கொண்டால் அந்த இடம் 1, 2 மீட்டர் தள்ளியிருக்கும். பேஸ் தன் இடத்தைச் சொல்லும் செய்தியில் (எண் 1005) அதைத்தான் ஒலிபரப்புகிறது. ரோவர் பதியும் ஒவ்வொரு புள்ளியும் அதே 1, 2 மீட்டரைச் சுமக்கும்; ஒன்றுக்கொன்று மட்டும் 1 செ.மீ. துல்லியத்தில் இருக்கும். பேஸிலிருந்து 10 கி.மீ. தள்ளிப் போனால் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் இன்னொரு 1 செ.மீ. சேரும். 2 மீட்டர் கம்பம் 1 பாகை சாய்ந்தால் 3.5 செ.மீ. போய்விடும். திருத்தத் தரவின் வயது 1, 2 நொடியில் நிற்க வேண்டும். 10 நொடியைத் தாண்டினால் இணைப்பைக் கவனிக்க வேண்டும்.

கருவி சரியாகச் சொல்லியும் வரைபடம் ஒத்துப்போகாத சமயங்களும் உண்டு. ஆஸ்திரேலியா தன் ஆள்கூற்று அமைப்பை ஜிடிஏ94இலிருந்து ஜிடிஏ2020க்கு மாற்றியபோது நாடு முழுவதும் புள்ளிகள் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகர்ந்தன. நிலத்தட்டு ஆண்டுக்கு 7 செ.மீ. வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்க, பழைய அமைப்பு 1994இலேயே நின்றுவிட்டது. உயரத்திலும் இப்படித்தான். ரிசீவர் கணக்கிடுவது நீள்வட்டத்திண்மத்திலிருந்து, அதாவது பூமிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் கணித வடிவத்திலிருந்து, உயரம். தண்ணீர் ஓடுவது புவியுருவை, அதாவது ஈர்ப்பு தீர்மானிக்கும் கடல்மட்டப் பரப்பைப் பொறுத்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இந்த இரண்டுக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் வித்தியாசம். எந்த உயரம் என்று எழுதாமல் பதிந்த உயரத்தால் யாருக்கும் பயனில்லை.

சாட்டிலைட்டே தவறாகச் சொன்னால்

2004 ஜனவரி 1 அன்று ஒரு ஜிபிஎஸ் சாட்டிலைட்டின் அணுக்கடிகாரம் கெட்டுப்போய், அது பழுது என்று குறிக்கப்படும்வரை ஏறத்தாழ 3 மணி நேரம் தவறான நேரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. 2014 ஏப்ரல் தொடக்கத்தில் க்ளோனாஸ் சாட்டிலைட்டுகள் எல்லாவற்றுக்கும் தவறான சுற்றுப்பாதைத் தகவல் ஏற்றப்பட்டு, அது சரியாவதற்கு 10 மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2016 ஜனவரி 26 அன்று ஜிபிஎஸ் ஒலிபரப்பிய யுடிசி (உலகப் பொது நேரம்) திருத்தம் 13.7 மைக்ரோநொடி தவறாக இருந்தது. இடம் கணக்கிடுவதில் அந்தத் திருத்தம் சேராததால் வழிகாட்டல் தப்பித்தது, நேரத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பிய தொலைத்தொடர்பு வலைகள் தடுமாறின. 2019 ஜூலையில் கலிலியோ சேவை தரைநிலையக் கோளாறால் சுமார் ஒரு வாரம் நின்றுபோனது. கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் குறைவான ஆபத்து என்பேன். சேவை இல்லை என்று தெரிந்தால் மாற்றுவழி தேடலாம்.

விமானத்துறை இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. 5 சாட்டிலைட்டுகள் இருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்வதைக் கண்டுபிடிக்கலாம், 6 இருந்தால் எது என்று பிரித்து ஒதுக்கலாம்: ரிசீவர் தானே செய்துகொள்ளும் ரெய்ம் என்ற சோதனையின் சாரம் இவ்வளவுதான். தரைநிலையங்கள் கணக்கிட்ட திருத்தத்தைச் சாட்டிலைட் வழியே விமானங்களுக்கு அனுப்பும் அமெரிக்காவின் வாஸ் சேவை 2003இல் தொடங்கியது. ஐரோப்பாவின் எக்னாஸ், இந்தியாவின் ககன் என்று அதே வழியில் மற்றவையும் வந்தன. இவை தரும் திருத்தத்தைவிட, திருத்தத்தோடு சேர்த்து அனுப்பும் ஐயத்தின் அளவுதான் பெரிய கொடை. அதை வைத்து ரிசீவர் ஒரு பாதுகாப்பு எல்லையைக் கணக்கிடும். எல்பிவி200 வகைத் தரையிறங்கலில் செங்குத்து எல்லை 35 மீட்டரைத் தாண்டினால் தரையிறங்குவதை நிறுத்த வேண்டும். கோளாறு வந்தால் 6 நொடிக்குள் எச்சரிக்கை போய்ச்சேர வேண்டும். எல்லையை மீறிய பிழை எச்சரிக்கை இல்லாமல் போகும் வாய்ப்பு ஒரு தரையிறங்கலுக்கு 1 கோடியில் 2 மட்டுமே அனுமதி. உண்மைப் பிழை பெரும்பாலும் 1 மீட்டர் அளவில்தான் இருக்கும். ஆனாலும் அந்த ரிசீவர் சொல்லும் எல்லை பெரும்பாலும் 10 மீட்டருக்கு மேல். 1 மீட்டரில் இருந்துகொண்டு 15 மீட்டர் என்று சொல்லும் கருவியையும், 25 செ.மீ. தள்ளி நின்றுகொண்டு 1 செ.மீ. என்று சொல்லும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் உறுத்தல் புரியும்.

வேண்டுமென்றே கெடுப்பவர்களுக்கு இதெல்லாம் தடையாகாது. தரைக்கு வரும் சிக்னலின் சக்தி ஒரு வாட்டை 100 கோடி கோடியால் வகுத்த அளவுதான். ஜிபிஎஸ் எல்1, கலிலியோ ஈ1 இரண்டும் ஒரே 1575.42 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால், ஒரு சிறிய ஜாமர் இரண்டையும் சேர்த்தே மூழ்கடிக்கும். எத்தனை அமைப்புகளைச் சேர்த்தாலும் ஒரே அலைவரிசையில் சேர்த்தால் இந்த விஷயத்தில் பாதுகாப்பு கூடாது. போலிச் சிக்னல் இன்னும் நுணுக்கமானது. எல்லாச் சாட்டிலைட்டுகளும் ஒரே வலிமையில் வருவது அதற்கு ஓர் அறிகுறி; ரிசீவரின் தானியங்கிப் பெருக்கம் திடீரென்று இறங்குவது இன்னொன்று. கலிலியோவின் ஓஎஸ்என்எம்ஏ வழிகாட்டல் செய்திக்கு மறையொப்பம் இடுகிறது. செய்தி உண்மையா என்று அது உறுதிசெய்யும். உண்மையான சிக்னலையே பதிவுசெய்து தாமதமாக மறுஒலிபரப்பினால் அந்த ஒப்பமும் செல்லுபடியாகத்தான் தெரியும். அதனால் வண்டியில் சக்கர வேகமும் ஐஎம்யூவும் (வண்டியின் அசைவை அளக்கும் உணரி) இருந்தால், அவற்றைச் சுரங்கப்பாதைக்காக மட்டும் வைத்திருக்காமல், சாட்டிலைட் சொல்லும் வேகத்தை எந்நேரமும் குறுக்குக்கேள்வி கேட்கவும் பயன்படுத்த வேண்டும்.

சொன்னதும் நடந்ததும்

ஒரு ரிசீவர் தன் பிழையை உண்மையாகச் சொல்கிறதா என்று சோதிக்க விமானத்துறையில் ஸ்டான்ஃபோர்ட் வரைபடம் என்ற ஒன்றை வரைகிறார்கள். கிடை அச்சில் உண்மைப் பிழை, செங்குத்து அச்சில் ரிசீவர் சொன்ன எல்லை. மூலைவிட்டத்துக்குக் கீழே விழும் ஒவ்வொரு புள்ளியும், சொன்னதைவிடப் பிழை பெரிதாக இருந்த ஒரு நொடி. இதை யாரும் தன் கருவிக்கு வரைந்துகொள்ளலாம். ரிசீவர்கள் தங்கள் கணக்கை என்எம்இஏ என்ற வடிவத்தில் வரிவரியாக, ‘வாக்கியங்களாக’ வெளியே அனுப்புகின்றன. பெரும்பாலான ரிசீவர்களில் அவற்றில் ஜிஎஸ்டி வாக்கியம் இயல்பில் அணைந்திருக்கும்; அதை இயக்குங்கள். அட்சம், தீர்க்கம், உயரம் மூன்றுக்கும் ரிசீவர் மதிப்பிடும் திட்டவிலக்கம் அதில் வரும். சரியான இடம் முன்பே தெரிந்த ஒரு புள்ளியில் ஆண்டெனாவை வைத்து, இடத்தைச் சொல்லும் ஜிஜிஏ, ஜிஎஸ்டி இரண்டு வாக்கியங்களையும் நொடிக்கு ஒருமுறை 24 மணி நேரம் பதிவுசெய்ய வேண்டும். ஜிஜிஏ வாக்கியத்தின் தரக் குறியீட்டில் 4 என்றால் ஃபிக்ஸ், 5 என்றால் ஃப்ளோட். இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள். திறந்த மொட்டைமாடியில் வைத்தால் எந்தக் கருவியும் நல்ல பெயர் வாங்கிவிடும். வேலை நடக்கும் இடம்போல ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் மரமும் உள்ள இடமாகப் பாருங்கள்.

உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். திட்டவிலக்கத்தை 1.96ஆல் பெருக்கினால் 95 சதவீத எல்லை. 86,400 நொடிகளில் 4,320 நொடிகள் எல்லைக்கு வெளியே விழலாம், அதாவது 72 நிமிடம். அதற்குமேல் போனால் திரையில் தெரியும் எண்ணை எத்தனையால் பெருக்கினால் 95 சதவீதம் உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பெருக்கியைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிடலாம். 72 நிமிடத்துக்குள்ளேயே இருந்தாலும் அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஒன்றிரண்டு நொடிகளாகச் சிதறியிருந்தால் அது இரைச்சல். எல்லாம் சேர்ந்து பிற்பகலில் ஒரே கொத்தாக, அதுவும் தரக் குறியீடு 4 என்று நிற்கும்போது விழுந்திருந்தால், அந்த நேரத்தில் எந்தச் சாட்டிலைட் எந்தச் சுவரின் பக்கம் இருந்தது என்று வானவரைபடத்தை எடுத்துப் பார்த்து, அதை விலக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும்.